பாம்பன் பாலமும் ஒரு கவட்டையும்

கண்ணு, தனுஷ்கோடி மணலில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது உண்டா? சொட்டுச் சொட்டாக இரத்தம் வரும். சற்று நேரத்தில் நின்றுவிடும். மறுநாள் பொருக்குத் தட்டியிருக்கும். "அதை நிறுத்தியது யார் மாமா?" என்கிறாயா? கெட்டிக்காரப் பிள்ளைதான் இப்படிக் கேட்கும்!

இரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றன. ஒன்றையொன்று தட்டியெழுப்பி இரத்தத்தை உறையவைப்பது அவற்றின் வேலை. அவற்றுக்கு எண்ணே பெயர். 9-ஆம் காரணியை மண்டபம் என்று வைத்துக்கொள். 10-ஆம் காரணி ராமேசுவரம். இரண்டையும் சேர்க்கும் பாம்பன் பாலம்தான் 8-ஆம் காரணி.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. ரயில் நின்றுபோனது. ஹீமோபிலியா ஏ என்ற அரிய நோயும் அப்படித்தான். பிறவியிலேயே 8-ஆம் காரணி போதாது. அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. மூட்டுக்குள்ளேயே கசிந்து வீங்கும். புரிகிறதா?

"8-ஐ ஊசியில் ஏற்றலாமே?" என்பாய். நல்ல யோசனை! அப்படித்தான் ஏற்றுகிறார்கள். ஆனால், சிலருடைய உடல் அதை எதிரி என்று நினைத்து, எதிர்ப்பொருளை அனுப்பி மடக்கிவிடும். எதிர்ப்பொருள் என்பது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். பார்க்கக் கவட்டை மாதிரி இருக்கும், இரண்டு கை.

ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தக் கவட்டையையே பாலமாக்கினார்கள். ஒரு கை 9-ஐப் பிடிக்கும். மறு கை 10-ஐப் பிடிக்கும். பாதை திறந்தது! அதன் பெயர் எமிசிசுமாப்.

புதுப் பாம்பன் பாலம் 2025-இல் திறக்கும் முன் சோதனை ஓட்டம் நடந்ததல்லவா? மருந்துக்கும் அது உண்டு. 12 வயதும் அதற்கு மேலும் ஆன 109 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. மருந்தைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட இரத்தக்கசிவு 87 சதவீதம் குறைவு! வேறொரு மருந்தையும் அதிகமாகச் சேர்த்துப் போட்ட சிலருக்கோ தேவையில்லாத இடத்தில் இரத்தம் உறைந்தது. அந்த ஆபத்தைக் காட்டிக்கொடுத்ததும் சோதனைதான்.

நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனை வேறு வழியில் போனது. உடலே 8-ஐச் செய்துகொள்ள மரபணுவைக் கொடுத்தார்கள். முதலில் 5 பேருக்கு மட்டும். ஒருவருக்கும் பிறகு இரத்தக்கசிவு வரவில்லை என்று 2024-இல் முடிவு வெளியானது. இன்னும் பலருக்குக் கொடுத்து, பல வருடம் பார்க்க வேண்டும். நல்ல மருத்துவத்துக்குப் பொறுமை வேண்டும் கண்ணு.

இப்போது நோட்டை எடு. ஒரு கவட்டை வரை. ஒரு கையில் 9, மறு கையில் 10 என்று எழுது. அது எந்த எண்ணின் வேலையைச் செய்கிறது? உன் தம்பிக்குச் சொல்லிக்கொடு, பார்க்கலாம்!