‘அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க’: படர்தாமரைக்கு ஸ்டீராய்டு க்ரீம் ஏன் ஆபத்து?

“அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க.” கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் வழியில், மெடிக்கல் ஷாப்பில் இப்படிக் கேட்டு வாங்குவது சர்வசாதாரணம். தடவினால் ரெண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

வட்டமாக, ஓரம் சிவந்து செதில் செதிலாக, நடுப்பகுதி தெளிந்து இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என வியர்வை தேங்கும் இடங்களில் வரும் பூஞ்சைத் தொற்று இது. கடையில் கேட்டதும் கிடைக்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் குறையும். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும். வட்ட வடிவமே கலைந்துபோய், டாக்டருக்கும் அடையாளம் குழம்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் அழியாத வரித் தழும்புகள் விழும்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகும் கவுன்ட்டரில் சீட்டு கேட்பவர்கள் குறைவு. இதற்கிடையே, வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! 2023-ல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. எனவே டாக்டர் சொன்ன வாரங்கள் முழுக்க, தடம் மறைந்த பிறகும் மருந்தைத் தொடர வேண்டும். துண்டைப் பகிரவே கூடாது.

அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அரிப்பா? இரவில் அதிகமாகி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்களா? அது சிரங்காக இருக்கலாம். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் பயனில்லை. அரிக்காதவர் உட்பட அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை எடுக்க வேண்டும்.

தொழிற்சாலை ஊழியர்கள் அதிகம் கவனிக்கத் தவறுவது கைகளை. கட்டிங் ஆயில், சிமென்ட், எபாக்ஸி, பெயின்ட், சிலருக்குக் கையுறையின் ரப்பரே கூட ஒவ்வாமையைக் கிளப்பும். கை வறண்டு, வெடித்து, நீர்க்கொப்புளம் வரும். லீவில் ஊருக்குப் போனால் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் வந்தால், காரணம் பெரும்பாலும் வேலையிடத்தில்தான் இருக்கிறது. கிரீஸ் போக தின்னரில் கை கழுவும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்கும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே, டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. ‘எனக்குத்தான் ஒத்துக்கல’ என்று வேலையை விடத் தேவையில்லை. என்ன பொருளைக் கையாளுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75% இருந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டலாம். அரசு மருத்துவமனைகளும், 2022 முதல் இயங்கும் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

வெளிறிய திட்டு எல்லாமே தேமல் அல்ல. தேமலில் தொடு உணர்வு இருக்கும். திட்டின் மேல் பஞ்சால் வருடினால் தெரியவில்லை என்றால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் குணமாகும். தாமதித்தால் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிவிடும்.

சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு காலில் சிவப்பும் வலியும் வேகமாகப் பரவுவது, புது மாத்திரைக்குப் பிறகு வாய்ப்புண்ணும் தோல் உரிதலும், உதடு வீங்கி மூச்சுத் திணறல்... உடனே 108-ஐ அழையுங்கள். ரசாயனம் தெறித்தால் உடையைக் கழற்றி, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம்.

எதையும் தடவும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே தடவியிருந்தால், அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.