தேர்வு நாளில் வரும் வயிற்றுவலி

தேர்வன்று காலையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான்" என்றுதான் பல வீடுகளில் சொல்கிறோம். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. ஆனால் அந்த வலி பெரும்பாலும் உண்மையானது.

மருத்துவர்கள் இதை ஐ.பி.எஸ். (காவல்துறை ஐ.பி.எஸ். அல்ல!), அதாவது குடல் எரிச்சல் நோய் என்கிறார்கள். 2016-இல் வெளியான ரோம் வரையறையின்படி, மாதத்தில் 4 நாளாவது வயிறு வலித்து, 2 மாதமாவது அது நீடிக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு இருக்கும். அல்லது வலியோடு வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ வரும். பரிசோதனையில் வேறு காரணம் இருக்காது.

குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையோடு அவை இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. மனம் பதறினால் குடலின் அசைவு மாறும். சாதாரண வாயுகூட வலியாக உணரப்படும். இலங்கை களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் நிரங்கா தேவநாராயண, ஷாமன் ரஜிந்திரஜித் ஆகியோர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளிலும், மன அழுத்தம் தரும் நிகழ்வுகளைச் சந்தித்தவர்களிடமே இத்தகைய வயிற்றுவலி கூடுதலாகத் தெரிந்தது. மதிப்பெண்ணுக்குப் பெயர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதை நாம் கவனிக்காமல் விடலாமா?

பழக்கவழக்கங்களுக்கும் பங்கு உண்டு. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் காலை உணவை விடுவது, நள்ளிரவுவரை செல்போன் பார்ப்பது, பள்ளிக் கழிவறை சரியில்லை என்று அடக்கிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதைப் பெண் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மாதான் மெதுவாகக் கேட்க வேண்டும். ரமலானில் நோன்பு திறந்ததும் சமோசா, வடையில் கைவைக்காமல் தண்ணீர், பேரீச்சம்பழம், கஞ்சி என்று நிதானமாகத் தொடங்கினால் வயிறு தாங்கும்.

திட்டாதீர்கள். மணிக்கொரு தரம் "வலிக்குதா?" என்றும் கேட்காதீர்கள், கவனம் முழுக்க வலியிலேயே நின்றால் அது கூடும். முடிந்தவரை பள்ளிக்கு அனுப்புங்கள். மனநல ஆலோசனை இதற்கு நல்ல பலன் தருகிறது. 'நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சு வருமே' என்று தயங்குகிறவர்கள், டெலி மனஸ் 14416 எண்ணுக்கு வீட்டிலிருந்தே எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மலத்தில் இரத்தம், எடை குறைவு, காய்ச்சல், விடாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலப்பக்க அடிவயிற்றில் நீங்காத வலி இவற்றில் எது இருந்தாலும் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிற்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள், 2 வாரம் சாப்பாடு, தூக்கம், வலி வந்த நேரம், அன்று பள்ளியில் நடந்தது ஆகியவற்றைப் பிள்ளையையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.