சேவைசார் கட்டமைப்பும் வணிக மென்பொருள் ஒருங்கிணைப்பும்: ஒரு நோக்கு

முன்னுரை

நிறுவனம் ஒன்றின் அன்றாட அலுவல்கள் பலவும் இன்று மென்பொருளின் துணைகொண்டே நடைபெறுகின்றன. சம்பளம், கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பதிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைமை உண்டு. இவை ஒரே காலத்தில் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பிரிவுகளின் தேவைக்கேற்ப, வெவ்வேறு நிரல்மொழிகளில் எழுதப்பட்டவை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் தன் பணியைச் செவ்வனே செய்யும். ஒன்றோடொன்று தகவல் பரிமாற வேண்டிய நிலை வரும்போதே இடர்ப்பாடு தோன்றுகிறது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க மென்பொருள் துறையினர் கண்ட வழிகளுள் ஒன்று சேவைசார் கட்டமைப்பு. அதனை விளக்குவதும், அதன் அடிப்படையான மறுபயன்பாடு என்னும் கொள்கை எவ்விடத்தில் வெற்றி பெறுகிறது, எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். மொழித்துறை சார்ந்தோர் படிக்கும் இதழில் இப்பொருள் எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஒருங்கிணைப்பின் கடினமான பகுதி சொற்களின் பொருளை இணைப்பதே என்பது நமது கருத்து. அவ்வகையில் இது மொழியாசிரியர்க்கு அயலான பொருளன்று.

1. சிக்கலின் தன்மை

தமிழாசிரியர்கள் இச்சிக்கலை வேறொரு வடிவில் ஏற்கெனவே அறிவர். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரை மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதைப் பலரும் கண்டிருப்பர். திஸ்கி, டாம், டாப் ஆகியவற்றோடு எழுத்துரு விற்பனையாளர்களின் சொந்தக் குறியேற்றங்களும் ஒருங்கே வழங்கிய காலம் அது. ஒவ்வொரு குறியேற்றமும் தன்னளவில் சரியானதே. ஆயினும் ஒன்றின் எழுத்து மற்றொன்றுக்குப் புரியவில்லை.

பத்துக் குறியேற்றங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் ஏனைய அனைத்துடனும் நேரே இணைக்க 45 இணைப்புகள் வேண்டும். இரு திசையிலும் மாற்ற வேண்டுமாயின் 90 மாற்றிகள் தேவை. பதினொன்றாவது குறியேற்றம் ஒன்று வந்தால் மேலும் 20 மாற்றிகளை எழுத வேண்டிவரும். இவற்றின் நடுவே யூனிகோடு போன்ற ஒரு பொது வடிவத்தை வைத்தால் ஒவ்வொரு குறியேற்றத்திற்கும் இரண்டு மாற்றிகள் வீதம் 20 மாற்றிகளே போதும். பதினொன்றாவதற்கு மேலும் இரண்டு எழுதினால் பணி முடிந்தது.

வணிக மென்பொருள்களின் நிலையும் இதுவே. விற்பனை முறைமை கணக்கு முறைமையின் தரவுத்தளத்தை நேரே படிக்கிறது. சரக்கு முறைமை ஒவ்வோர் இரவும் ஒரு கோப்பை விற்பனைப் பிரிவுக்கு அனுப்புகிறது. வேறு சில இடங்களில் ஊழியர் ஒருவர் ஒரு திரையில் கண்டதை மற்றொரு திரையில் தட்டச்சு செய்கிறார். கணக்குப் பிரிவினர் தம் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையின் பெயரை மாற்றினால், அதைப் படித்துவந்த விற்பனை முறைமை மறுநாள் காலையில் நின்றுவிடும். யார் எதைச் சார்ந்துள்ளார் என்பதை எவரும் முழுமையாக அறியாத நிலை இவ்வாறுதான் உருவாகிறது.

2. சேவை என்பது யாது?

சேவைசார் கட்டமைப்பில் ஒரு முறைமை தன் உள்ளமைப்பைப் பிறர்க்குக் காட்டுவதில்லை. தன்னால் செய்து தரக்கூடிய பணிகளை மட்டும் வரையறுத்து அறிவிக்கிறது. 'வாடிக்கையாளர் எண்ணைத் தருக. அவருடைய கடன் வரம்பைக் கூறுவோம்' என்பது அத்தகைய ஓர் அறிவிப்பு. கேட்பவர் எதைத் தரவேண்டும், பதிலாக எது வரும், பிழை நேரின் என்ன நிகழும் என்பவை ஓர் ஒப்பந்தமாக எழுதி வைக்கப்படுகின்றன. கேட்கும் முறைமை எம்மொழியில் எழுதப்பட்டது, எந்தக் கணினியில் இயங்குகிறது என்பன பொருட்டல்ல.

கடன் வரம்பைச் சரிபார்க்கும் பணியைக் கடை முகப்பும், தொலைபேசி விற்பனைப் பிரிவும், இணையக் கடையும் வேண்டுகின்றன எனக் கொள்வோம். முன்னர் மூன்று இடங்களிலும் ஒரே விதி மூன்று முறை எழுதப்பட்டிருக்கும். விதி மாறும்போது இரண்டு இடங்களில் மாற்றி ஓரிடத்தில் மறந்துவிட்டால், ஒரே வாடிக்கையாளர் கடையில் ஏற்கப்பட்டு இணையத்தில் மறுக்கப்படுவார். அப்பணி ஒரு சேவையாக அமைந்தால் மாற்றம் ஓரிடத்தில் நிகழும். மூவரும் அதன் பயனைப் பெறுவர். இதுவே மறுபயன்பாடு எனப்படுவது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். நிரலைப் படியெடுத்துப் பயன்படுத்துவதும் மறுபயன்பாடுதான். அம்முறையில் பழைய படியை வைத்திருப்பவர் தாம் விரும்பும்போது புதியதற்கு மாறலாம். சேவையிலோ அனைவரும் பயன்படுத்துவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒரே பொருளை. ஆகவே திருத்தமும் எல்லாரையும் ஒருசேரச் சென்றடைகிறது. தவறும் அவ்வாறே சென்றடைகிறது. இக்கட்டமைப்பின் வலிமையும் இடரும் இவ்வோர் இயல்பிலிருந்தே தோன்றுகின்றன.

3. வளர்ச்சி வரலாறு

இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. 1968ஆம் ஆண்டு செருமனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற மென்பொருள் பொறியியல் மாநாட்டில், தொழிற்சாலைப் பொருள்களைப் போல மென்பொருள் உறுப்புகளையும் ஆயத்தமாகச் செய்து வைத்துப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை டக்ளஸ் மெக்கில்ராய் முன்வைத்தார். ஓர் உறுப்பு மாறக்கூடிய முடிவுகளைத் தன்னுள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை டேவிட் பார்னாஸ் 1972இல் விளக்கினார். சேவைசார் கட்டமைப்பு என்னும் பெயரில் இதனைக் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ராய் ஷூல்ட்டும் எஃபிம் நாட்டிஸும் 1996இல் எழுதினர்.

பின்னர் பொதுத் தரங்கள் தோன்றின. எக்ஸ்.எம்.எல். 1998இலும், செய்திகளை அனுப்பும் முறையான சோப் 1.1 2000இலும், ஒப்பந்தத்தை எழுதும் முறையான விஸ்டில் 1.1 2001இலும் வெளிவந்தன. அதே 2000ஆம் ஆண்டில் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் எளிய கட்டமைப்பு நெறியை வகுத்தளித்தார். இன்றைய சேவைகளுள் பெரும்பாலானவை இந்நெறியைத் தழுவியே எழுதப்படுகின்றன.

இவ்வரலாற்றில் ஒரு தோல்வியையும் குறிப்பிடுதல் வேண்டும். சேவைகளைப் பட்டியலிடும் பொதுப் பதிவேடு ஒன்றை ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், சாப் ஆகிய நிறுவனங்கள் நடத்திவந்தன. முன்பின் அறியாத நிறுவனங்கள் அப்பதிவேட்டின்வழி ஒன்றையொன்று கண்டறிந்து சேவைகளைப் பெறும் என எதிர்பார்க்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு சனவரியில் அப்பொதுப் பதிவேடு மூடப்பட்டது. ஒரு சேவையைத் தன் வணிகத்தின் அடித்தளமாக ஏற்பதற்குத் தொழில்நுட்ப விளக்கம் மட்டும் போதாது. அதை நடத்துபவர்மேல் நம்பிக்கையும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது எனலாம்.

4. இரு எடுத்துக்காட்டுகள்

முதலாவது அமேசான் நிறுவனம். அந்நிறுவனத்தின் ஒவ்வொரு குழுவும் தன் தரவையும் பணிகளையும் சேவை இடைமுகங்களின் வழியாக மட்டுமே பிறர்க்கு வழங்க வேண்டும், ஒரு குழு மற்றொன்றின் தரவுத்தளத்தை நேரே தொடக்கூடாது என 2000களின் தொடக்கத்தில் அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் ஆணையிட்டதாக முன்னாள் ஊழியரான ஸ்டீவ் யெகி 2011இல் எழுதினார். அவ்விடைமுகங்கள் வெளியாருக்கும் திறந்துவிடத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வாணையின் ஒரு கூறு. 2006இல் அந்நிறுவனம் கோப்புச் சேமிப்பையும் கணினித் திறனையும் உலகோர்க்கு வாடகைச் சேவைகளாக வழங்கத் தொடங்கியது.

இரண்டாவது எசுத்தோனியா நாட்டின் எக்ஸ்-ரோடு. 2001இல் இயங்கத் தொடங்கிய இவ்வமைப்பு வணிக நிறுவனம் சார்ந்ததன்று எனினும் கட்டமைப்பைக் கற்போர்க்கு மிகவும் பயன்தருவது. அரசு அலுவலகங்களின் தரவுகளை ஒரே பெருந்தளத்தில் குவிக்க அந்நாடு முற்படவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் தரவைத் தானே வைத்துக்கொள்கிறது. அதன் வாயிலில் ஒரு பாதுகாப்புச் சேவையகம் நிறுத்தப்படுகிறது. அலுவலகங்களுக்கிடையே செல்லும் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டு, மின்னொப்பமிடப்பட்டு, நேரக் குறிப்புடன் பதிவாகின்றன. வங்கிகள் போன்ற தனியார் நிறுவனங்களும் இதில் இணையலாம். இதன் மேம்பாட்டுக்கென எசுத்தோனியாவும் பின்லாந்தும் 2017இல் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தன.

இவ்வமைப்பின் வெற்றிக்குத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் எளிய காரணம் ஒன்றுண்டு. எசுத்தோனியர் ஒவ்வொருவருக்கும் 11 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உள்ளது. 'இந்த மனிதர் யார்?' என்ற வினாவுக்கு எல்லா அலுவலகங்களும் ஒரே விடையைத் தருகின்றன. இவ்விடை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை அடுத்துக் காண்போம்.

5. வடிவம் ஒன்று, பொருள் வேறு

1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நாசாவின் செவ்வாய்ப் பருவநிலைச் சுற்றுகலம் அழிந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணிப்பைப் பவுண்டு-விநாடி அளவில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன்-விநாடி எனக் கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. மெட்ரிக் அளவையே பயன்படுத்த வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. கோப்பு போய்ச் சேர்ந்தது. எண் எண்ணாகவே படிக்கப்பட்டது. பொருள் மட்டும் மாறிவிட்டது.

நம் நாட்டுச் சூழலில் இதற்கு நிகரான சிக்கல் நம் பெயர்களிலேயே உள்ளது. மலேசியத் தமிழர் பெயர்கள் 'குமரன் த/பெ செல்வம்' என்னும் அமைப்பில் பதிவாகின்றன. மலாயில் இதற்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் சுருக்கங்கள் வழங்குகின்றன. ஒரு முறைமை முழுப்பெயரை ஒரே கட்டத்தில் வைக்கிறது. மற்றொன்று சாய்கோட்டை ஏற்காமல் நீக்கிவிடுகிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட மூன்றாவது மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை என்பதை அது அறியாது. விளைவாக மகனுக்கு வரும் கடிதம் தந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கிறது.

இது வெறும் மரியாதைக் குறைவோடு நிற்பதில்லை. நாம் அறிந்த உயர்கல்வி நிலையம் ஒன்றில் மாணவி ஒருவருடைய கட்டணத்தை உதவித்தொகை வழங்குநர் உரிய நாளில் செலுத்தியிருந்தார். பணம் வந்த பட்டியலில் பெயர் ஒருவிதமாகவும், பதிவுப் பிரிவில் வேறுவிதமாகவும் இருந்தது. பெயரைக்கொண்டு பொருத்திய நிதி முறைமை அப்பணத்தை உரிமையாளர் அறியப்படாத வரவாக ஒதுக்கி வைத்தது. தேர்வு முறைமை நிதி முறைமையைக் கேட்டது. 'நிலுவை உண்டு' என விடை வந்தது. தேர்வெழுதுவோர் பட்டியலிலிருந்து மாணவியின் பெயர் நீங்கியது. ஒவ்வோர் அலுவலகமும் தன் திரையைக் காட்டித் தன் பதிவு சரியே என்றது. அவர்கள் கூறியது உண்மையும்கூட. ஊழியர் ஒருவர் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிட்ட பின்னரே தவறு தெரிந்தது, அம்மாணவியும் தேர்வெழுதினார்.

முறைமைகள் இணைக்கப்படாதிருந்தால் நிதிப் பிரிவின் குழப்பம் நிதிப் பிரிவிலேயே தங்கியிருக்கும். இணைக்கப்பட்டதால் அது தேர்வு மண்டபம் வரை சென்றது. பெயரை அறிமுகத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொருத்துவதற்கு எண்ணைப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு. மலேசியரின் அடையாள அட்டை எண் 12 இலக்கங்களைக் கொண்டது. ஆயினும் வெளிநாட்டு மாணவர்க்கு அவ்வெண் இல்லை, கடப்பிதழ் எண்ணோ புதுப்பிக்கும்போது மாறக்கூடியது. ஆகவே நிலையம் தானே ஒரு நிலையான எண்ணை வழங்கி, அதனைத் தன் சேவைகள் அனைத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

6. மறுபயன்பாட்டின் விலை

2009ஆம் ஆண்டு சனவரியில் ஆன் தாமஸ் மேன்ஸ் என்னும் ஆய்வாளர் சேவைசார் கட்டமைப்பு இறந்துவிட்டது என எழுதினார். சேவைகள் வேண்டாதவை என்பது அவர் கருத்தன்று. விலையுயர்ந்த கருவிகளை வாங்கிவிட்டாலே ஒருங்கிணைப்பு நிகழ்ந்துவிடும் என்ற எண்ணமே பொய்த்தது என்பது அவர் வாதம். எல்லாச் செய்திகளையும் ஒரு நடுவண் தடத்தின் வழியே செலுத்தி, விதிகளையெல்லாம் அத்தடத்திலேயே எழுதிய நிறுவனங்கள் பழைய சிக்கலை வேறோரிடத்திற்கு மாற்றின எனலாம். 2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் விளக்கிய நுண்சேவைக் கட்டமைப்பு, அறிவைச் சேவைகளிடத்தும் எளிமையைத் தடத்திடத்தும் வைக்கச் சொன்னது இதற்கு எதிர்வினையே.

பிற இடர்களையும் சுருங்கக் கூறலாம். முதலாவது, நம்பகத்தன்மை. ஒரு பணி பத்துச் சேவைகளைத் தொடர்ந்து அழைக்கிறது; ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 விழுக்காட்டு நேரம் தனித்தனியே இயங்குகிறது எனின், பத்தும் ஒருங்கே இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடுதான். இரண்டாவது, ஒப்பந்த மாற்றம். பலர் சார்ந்துள்ள சேவையின் ஒப்பந்தத்தை அதன் உரிமையாளர் தாம் நினைத்தபடி மாற்றவியலாது. பழைய வடிவத்தையும் புதியதையும் சில காலம் சேர்த்தே நடத்த வேண்டும். மூன்றாவது, உரிமை. ஐந்து பிரிவுகள் பயன்படுத்தும் சேவையைப் பேணும் செலவை எப்பிரிவு ஏற்பது என்பது முன்கூட்டியே முடிவாகாவிடின், அச்சேவை கவனிப்பாரற்றுப் போகும்.

ஆகவே எல்லாவற்றையும் சேவையாக்குதல் அறிவுடைமையாகாது. பலர்க்கும் பொதுவானதும், பொருள் உறுதிப்பட்டதும், பொறுப்பேற்க ஒருவர் உள்ளதுமான பணியே சேவையாக அமையத் தக்கது. ஒரே பிரிவு மட்டும் பயன்படுத்தும் பணியை மறுபயன்பாட்டின் பெயரால் பொதுவாக்குவது வீண்செலவாகும்.

முடிவுரை

சேவைசார் கட்டமைப்பு முறைமைகளுக்கிடையே இருந்த மறைமுகச் சார்புகளை வெளிப்படையான ஒப்பந்தங்களாக மாற்றுகிறது. அதன் பெரும்பயன் அதுவே. ஆயினும் ஒப்பந்தத்தில் இடம்பெறும் 'பெயர்', 'நிலுவை', 'மாணவர்' போன்ற சொற்களின் பொருளை எக்கருவியும் நமக்காக வரையறுத்துத் தராது. அதனை அப்பணியைச் செய்வோர் கூடியமர்ந்து முடிவுசெய்ய வேண்டும். அக்கூட்டங்களில் மென்பொருள் வல்லுநரோடு மொழியறிந்தோரும் இடம்பெறல் நன்று. நம் பெயர்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டியவர் நாமே. நாம் சொல்லாவிடின், அறியாத ஒருவர் நமக்காக முடிவுசெய்திருப்பார். அதன் விலையை ஏதேனுமொரு மாணவர் தேர்வுநாளன்று செலுத்த நேரும்.