கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பு ஊசியும் கிராம ஜனங்களின் ஐயங்களும்

அறுவடைக் காலத்தில் ஒரு கிராமத்தில் கொள்ளைநோய் புகுமாயின், அதனால் விளையும் நஷ்டம் நோயுற்ற வீட்டோடு நிற்பதில்லை. கூலியாட்கள் ஊரை விட்டு அகலுவர், கதிர் களத்துக்கு வாராது நிலத்திலேயே உதிரும், சந்தை கூடாது, அடுத்த பருவத்து விதைப்பும் பின்தங்கும். ஆதலின், இத்தகைய நோயைத் தடுக்கும் ஊசி மருந்தைப் பற்றி ஜனங்கள் கொள்ளும் அச்சமும் நம்பிக்கையும் வைத்தியர்க்கு மாத்திரம் உரிய விஷயம் அன்று. நிலமுடையோரும் கிராமாதிகாரிகளும் ஆராய்ந்து அறியவேண்டியதாகும். இந்தியாவில் 1896-ம் வருஷத்தில் தோன்றிய பிளேக் நோயின் வரலாறும், 2021-ம் வருஷத்தில் கொரோனா நோய்க்கு ஊசி போடப்பட்ட வரலாறும் இதற்குத் தக்க பாடங்களாக உள்ளன.

பிளேக் நோயும் தானியக் களஞ்சியமும்

1896-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பம்பாய் நகரில் மாண்டவி என்னும் பகுதியில் பிளேக் நோய் கண்டது. அது தானிய மண்டிகள் நெருங்கிய இடம். எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோய்க்கிருமியை மனிதருக்குக் கொணர்கிறதென்பது பின்னரே தெளிவாயிற்று. தானியம் உள்ள இடத்தில் எலியும், எலி உள்ள இடத்தில் இந்நோயும் தொடர்ந்தமையால், நகரத்தில் தோன்றிய வியாதி சில வருஷங்களில் பயிர்த்தொழில் நாடுகளையே பெரிதும் வாட்டிற்று. இரண்டு தலைமுறைக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இதற்கு இரையாயினர்.

மருந்து தயாரான விதம்

அக்காலத்தில் கல்கத்தாவில் காலரா நோய்க்கு ஊசி மருந்து கொடுத்துவந்த ஹாப்கின் என்னும் விஞ்ஞானி பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டார். அவர் பிளேக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். சாற்றின் மேல் நெய்த்துளிகள் சிலவற்றை மிதக்கவிட, கிருமிகள் அத்துளிகளைப் பற்றிக்கொண்டு விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. இவ்வாறு பெருகிய கிருமிகளை மிதமான சூட்டில் வைத்துக் கொன்று, கெடாதிருக்கும்பொருட்டுக் கார்பாலிக் திராவகம் சிறிதளவு சேர்த்துப் புட்டிகளில் அடைத்தார். செத்த கிருமி நோயை உண்டாக்காது. ஆயின் உடம்பு அதனை அடையாளம் கண்டு, பின்னர் உயிருள்ள கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தேடிக்கொள்ளும்.

1897-ம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி ஹாப்கின், பிற்காலத்தில் பிறருக்குக் கொடுத்த அளவினும் மிகுதியான மருந்தைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். அவருக்குக் காய்ச்சலும் வலியும் கண்டு நீங்கின. தாம் ஏற்காத மருந்தைப் பிறர் ஏற்கவேண்டுமென்று அவர் கேட்கவில்லை. ஆகா கான் அவர்களும் பலர் காணத் தாமே ஊசி குத்திக்கொண்டு, தம்மைச் சேர்ந்தவர்களின் அச்சத்தைப் போக்கினார்.

உந்தேரா கிராமத்துச் சோதனை

புதிய எருவின் பலனை அறிய விரும்பும் விவசாயி, ஒரே வயலைப் பாதியாக வகுத்து, ஒரு பாதிக்கு எருவிட்டு மறுபாதியை வாளா விடுவான். மண்ணும் நீரும் விதையும் ஒன்றாயிருக்க, விளைச்சலில் காணும் பேதம் எருவினால் வந்ததென்று துணியலாம். 1898-ம் வருஷத்தில் பரோடாவுக்கு அருகிலுள்ள உந்தேரா என்னும் கிராமத்தில், பிளேக் பரவியிருந்த சமயத்தில், இதே முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஊசி போடப்பட்டது, மற்றவர்களுக்குப் போடவில்லை. இருசாராரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி வாழ்ந்தனர்.

ஊசி குத்திக்கொண்ட 513 பேரில் 8 பேருக்கு நோய் கண்டு 3 பேர் இறந்தனர். குத்திக்கொள்ளாத 437 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் இறந்தனர். அதாவது, முதற் கூட்டத்தில் சுமார் 170 பேருக்கு ஒருவரும், இரண்டாவது கூட்டத்தில் சுமார் 17 பேருக்கு ஒருவரும் மாண்டனர். மருந்து முழுக் காப்பு அன்று என்பதும், எனினும் பெருங்காப்பு என்பதும் இக்கணக்கினால் ஒருங்கே விளங்கும். இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மாத்திரம் சொல்லுவது பின்னால் கேட்டையே தரும்.

ஜனங்களின் அச்சம் எங்கிருந்து வந்தது

இவ்வளவு தெளிவான பலன் கண்டும் ஜனங்கள் ஊசிக்கு அஞ்சினர். அவ்வச்சத்துக்குக் காரணம் ஊசி மாத்திரம் அன்று. 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைக்கொண்டு அதிகாரிகள் வீடுகளைச் சோதனையிட்டனர், நோயாளிகளை உறவினரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயினர், உடைமைகளை எரித்தனர். பூனாவில் பட்டாளத்தார் வீடு புகுந்து சோதித்த முறையினால் மூண்ட கோபம், அவ்வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி பிளேக் அதிகாரி ராண்டு என்பவர் சுடப்படுவதில் முடிந்தது. இவ்வாறு வந்த கையே பின்பு ஊசியையும் ஏந்தி வந்தபோது, ஜனங்கள் ஐயுற்றது வியப்பன்று.

பஞ்சாபில் பரவிய வதந்திகள் பலவகை. ஊசி ஒரு கஜ நீளம் என்றனர். குத்திய உடனே சாவு நேரும் என்றனர். ஆண்மை கெடும், பெண்கள் மலடாவர் என்றனர். ஜில்லா அதிகாரியே குத்திக்கொண்டு அரைமணியில் இறந்தார் என்றனர். இவை பொய். ஆயின் குத்திக்கொண்டவர்க்கு ஓரிரு நாள் காய்ச்சலும் கைவீக்கமும் வருவது மெய். அன்றாடக் கூலியால் பிழைப்பவனுக்கு அந்த ஓரிரு நாள் அடுப்பெரியாத நாள் என்பதும் மெய். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியாமல், அஞ்சுபவர் எல்லாரையும் அறிவிலிகள் என்று ஒதுக்கியதனால் வதந்தி வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

முல்கோவால் விபத்து

1902-ம் வருஷத்தில் பஞ்சாப் முழுவதும் ஊசி போடும் பெருந்திட்டம் தொடங்கியது. அவ்வருஷம் அக்டோபர் மாதம் 30-ந் தேதி, இப்போது பாகிஸ்தானைச் சேர்ந்துள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கும் இரண ஜன்னி கண்டது. பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்றப் புட்டிகளிலிருந்து மருந்து பெற்றவர்களுக்கு அத்தீங்கு நேரவில்லை.

இரண ஜன்னிக் கிருமியின் வித்துக்கள் எருவிட்ட மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் நெடுங்காலம் அழியாமல் கிடப்பவை. மண்வெட்டியோ முள்ளோ பட்ட புண்ணின் வழியாக இந்நோய் வருவதை விவசாயிகள் அறிவர். மேற்படி புட்டியைத் திறந்தபோது, தக்கையை எடுக்கும் இடுக்கி தரையில் விழுந்ததென்றும், அது முறைப்படி சுத்தஞ்செய்யப்படாமலே உபயோகிக்கப்பட்டதென்றும் விசாரணையில் ஒரு செய்தி வெளிவந்தது. எனினும் விசாரணைக் கமிஷன், புட்டி திறக்கப்படுவதற்கு முன்னரே, மருந்து தயாரிக்கும் இடத்தில்தான் அசுத்தம் சேர்ந்ததென்று முடிவுகூறியது. ஹாப்கின் தலைமைப் பதவியை இழந்தார்.

அம்முடிவு சரியன்று என்று விஞ்ஞானிகள் பலர் வாதாடினர். மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் 1907-ம் வருஷத்தில் லண்டன் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டனர். அவ்வருஷக் கடைசியில் ஹாப்கின் மீதிருந்த குற்றம் நீக்கப்பட்டது. பம்பாயில் அவர் நிறுவிய ஆராய்ச்சிச்சாலைக்கு 1925-ம் வருஷத்தில் அவர் பெயரே இடப்பட்டது.

ஆனால் முடிவான செய்தி கிட்டுவதற்கு ஐந்து வருஷமாயிற்று. அதற்குள் பஞ்சாபில் பெருந்திட்டம் குலைந்தது; ஊசிக்கு முன்வருவோர் தொகை குன்றியது. 1907-ம் வருஷத்தில் மாத்திரம் அம்மாகாணத்தில் பிளேக்கினால் ஆறு லட்சம் பேர் மாண்டனர். இச்சாவுகள் யாவும் முல்கோவால் விபத்தின் பயன் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், ஒரு புட்டியில் நேர்ந்த கேட்டைப் பற்றிய உண்மை உரிய காலத்தில் விளங்கியிருந்தால், அப்புட்டியோடு சேர்த்து மருந்து முழுவதையுமே ஜனங்கள் தள்ளியிருக்கமாட்டார்கள்.

2021-ம் வருஷத்து அநுபவம்

கொரோனா நோய்க்கான ஊசி இந்தியாவில் 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி தொடங்கிற்று. நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் ஜனங்களின் ஐயங்கள் பெரும்பாலும் பழையனவாகவே இருந்தன. பிள்ளைப்பேறு நின்றுபோகும் என்ற வதந்தி பஞ்சாபில் எழுந்தது போலவே மீண்டும் எழுந்தது. காய்ச்சல் கண்டால் கூலி போகுமே என்ற கவலை வயல்வேலை செய்வோரிடம் இருந்தது.

விதிகள் அடிக்கடி மாறியதும் ஐயத்தை வளர்த்தது. கோவிஷீல்டு ஊசியின் இரு தவணைகளுக்கு இடையே முதலில் 4 முதல் 6 வாரம் என்றிருந்தது, மார்ச் மாதத்தில் 6 முதல் 8 வாரம் எனவும், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் எனவும் மாற்றப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு முதலில் கூடாதென்றிருந்த ஊசி ஜூலை மாதத்தில் அநுமதிக்கப்பட்டது. புதிய விவரங்கள் தெரியத் தெரிய விதி மாறுதல் இயல்பே. மாறியதன் காரணம் எட்டாத ஊரில் அது தடுமாற்றமாகவே தோன்றியது.

தமிழ்நாட்டில் நடிகர் விவேக் 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி பலர் அறிய ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்புக் கண்டு, 17-ந் தேதி காலமானார். இதனால் ஜனங்களிடையே தயக்கம் மிகுந்தது. அவர் மரணத்துக்கு ஊசி காரணமன்று என்று தேசிய ஆய்வுக்குழு அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் முடிவுசெய்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதனாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதற்கு இது சான்று.

எனினும் ஊசியினால் விளையும் கேடு அறவே இல்லை என்பதும் உண்மையன்று. கோவிஷீல்டு ஊசிக்குப் பின் மிகச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாறு காணப்பட்டது. இந்தியாவில் அது பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவு என்று 2021-ம் வருஷம் மே மாதத்தில் அரசாங்கமே அறிவித்து, கடுந்தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் வீக்கம் முதலிய குறிகள் கண்டால் உடனே வைத்தியரை அடையும்படி கூறியது. இவ்வாறு வெளிப்படையாய் அறிவித்தது ஊசித் திட்டத்தைக் கெடுக்கவில்லை. செப்டம்பர் மாதம் 12-ந் தேதி தமிழ்நாட்டில் நடந்த பெருமுகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. அக்டோபர் மாதம் 21-ந் தேதி இந்தியாவில் மொத்தம் 100 கோடி ஊசிகள் நிறைவெய்தின.

கிராமாதிகாரிகளும் நிலமுடையோரும் கவனிக்கத்தக்கவை

மேற்கண்ட வரலாற்றினால் ஜனங்களின் அச்சம் மூவகைப்படும் என்பது விளங்கும்: பொய்யான வதந்தி, மெய்யான சிறு தொல்லை, அரிதாய் நேரும் பெருந்தீங்கு. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. பிற்காலத்தில் எந்தக் கொள்ளைநோய்க்கு ஊசி போடப்படினும் பின்வருவன பயன்படும்.

1. ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் தம் குடும்பத்தோடு முதலில், பலர் காண, ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்.

2. காய்ச்சலும் கைவலியும் ஓரிரு நாள் இருக்கக்கூடுமென்று முன்னதாகவே சொல்லவேண்டும். சொல்லாமல் வந்த காய்ச்சல் அச்சத்தைத் தரும். சொல்லி வந்த காய்ச்சல் நம்பிக்கையைத் தரும்.

3. நடவு, அறுவடை நாட்களை விலக்கி முகாம் நாளைக் குறிக்கவேண்டும். பண்ணையாட்களுக்கு ஊசி போட்ட மறுநாள் கூலியோடு ஓய்வு கொடுப்பது நிலமுடையோர் செய்யத்தக்க பேருதவி. ஆள் ஒருவரின் இரண்டு நாட் கூலி, நோயினால் வேலை நின்ற ஒரு வயலின் நஷ்டத்துக்கு ஈடாகாது.

4. ஊசிக்குப் பின் எவருக்கேனும் கடுமையான குறி கண்டால் அதனை மறையாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். எந்தப் புட்டி, எந்த நாள், யார் யாருக்கு என்னும் கணக்கு இருந்தமையால்தான் முல்கோவாலில் தீங்கு ஒரே புட்டியைச் சேர்ந்ததென்று தெரியவந்தது.

5. மறுப்பவரை வைதலும் அச்சுறுத்தலும் ஆகா. அவர் கூறும் காரணத்தைக் கேட்டு, அது மேற்சொன்ன மூவகையில் எதுவென்று அறிந்து விடைகூறவேண்டும்.

மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையும் என்பதை அறிந்தே விவசாயி மாட்டை ஊசிக்குப் பிடித்துவருகிறான். ஒருகாலத்தில் தொழுவங்களை வெறுமையாக்கிய வெக்கை நோய், ஊசியினாலேயே உலகினின்றும் நீங்கிற்றென 2011-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. குறையையும் நிறையையும் ஒருங்கே அறிந்தவன் கொள்ளும் நம்பிக்கை இது. இத்தகைய நம்பிக்கை ஊராரிடம் வேரூன்றவேண்டுமாயின், நோய் வராத காலத்திலேயே உண்மையை உள்ளபடி சொல்லி வருதல் வேண்டும்.