கடன் தரகரும் சட்டத்தின் கண்ணும்

'தரகு' என்னும் சொல் நம் தருமபுரி மாவட்டத்தாருக்குப் புதிதன்று. காரிமங்கலம் மாட்டுச் சந்தையில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுபவரைத் தரகர் என்கிறோம். அவர் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவர் முன்னும் நிற்பவர். மாட்டின் பல்லையும் சுழியையும் பார்த்துச் சொல்பவர். கடன் தரகர் அத்தகையவர் அல்லர். கடன் கொடுப்பவரைக் கடன் வாங்குபவர் பல வேளைகளில் கண்ணாலும் காண்பதில்லை. இடையில் நிற்கும் தரகரே பணத்தைக் கொணர்கிறார்; அவரே வெற்றுப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகிறார்; தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பவரும் அவரே.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தாள். தந்தை பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பயிரிடுபவர். விலை வீழ்ந்த பருவத்தில் தரகர் ஒருவர் வழியாகத் தண்டலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார். கையில் கிடைத்தது 8,300. வட்டி என்று 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டனர்; நூற்றுக்கு இரண்டு வீதம் தரகு 200. நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். கணிதத் துறை நண்பரிடம் இதைக் கொடுத்தேன். தரகையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 139 விழுக்காடு வருகிறது என்றார். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயில் பணத்துக்குக் காசு ஒன்றுக்கு ஆண்டில் அரைக்கால் காசு பொலிசையாகக் குறிக்கப்படுகிறது. அஃதாவது பன்னிரண்டரை விழுக்காடு. ஆயிரம் ஆண்டுகளில் நாம் அடைந்த வளர்ச்சி இது போலும்!

இத்தகைய கடனை விசாரிக்கவும் தண்டிக்கவும் அரசுக்கு அதிகாரம் இல்லையா? உண்டு, அதுவும் படிப்படியாக வளர்ந்து வந்துள்ளது.

முதற்படி நீதிமன்றம். 1938-இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அவர் பிறந்த தொரப்பள்ளி 2004 வரை நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அச்சட்டம் கணக்கைத் திருத்தியது. ஆனால் கணக்கோடு நீதிமன்றம் ஏறியவருக்கே அது பயன்பட்டது.

இரண்டாம் படி அலுவலகம். அடகுக் கடைகளுக்கு 1943-ஆம் ஆண்டுச் சட்டமும், கடன் கொடுப்போருக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமத்தைக் கட்டாயமாக்கின. கணக்கேடு வைக்கவேண்டும், பெற்ற பணத்துக்கு ரசீது தரவேண்டும், அரசு நிர்ணயித்த வீதத்துக்கு மேல் வட்டி வாங்கலாகாது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அலுவலர் பார்வையிடக்கூடியது பெயர்ப்பலகை மாட்டிய கடையைத்தான். சட்டைப்பையில் சிறு குறிப்பேட்டோடு இருசக்கர வாகனத்தில் திரிபவருக்குக் கடையுமில்லை, பலகையுமில்லை, உரிமமுமில்லை.

மூன்றாம் படி காவல் துறை. திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவரின் தற்கொலை தமிழகத்தை அதிரவைத்த 2003-ஆம் ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனத் தெருவில் வழங்கிய சொற்களெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறின. (சங்க நூல்களில் 'கந்து' யானையைக் கட்டும் தூண். இச்சொல்லோடு அதற்கு உறவுண்டு என்று நான் வாதிடவில்லை. பொருத்தம் மட்டும் தெரிகிறது.) மிகை வட்டி வாங்கினாலும், கடனுக்காகத் தொல்லை கொடுத்தாலும், அத்தொல்லைக்குத் துணைபோனாலும் மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடனாளி தாம் தரவேண்டியதை முறையான வட்டியோடு நீதிமன்றத்தில் செலுத்திக் கடனை முடித்துக்கொள்ளவும் இச்சட்டம் வழி தருகிறது. இந்த வழியை அறிந்தவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இச்சட்டத்தில் தரகர் எங்கே நிற்கிறார்? தொல்லைக்குத் துணைநின்றால் அகப்படுவார். ஆனால் உரிமமற்ற கடனைச் சேர்த்துவைத்து நூற்றுக்கு இரண்டு எடுத்துக்கொண்டதற்கெனத் தனி விதி அதில் இல்லை. சிங்கப்பூரில் நிலைமை வேறு. உரிமமின்றிக் கடன் கொடுப்பவருக்கு உதவியவரும், தம் வங்கிக் கணக்கைக் கொடுத்தவர்கூட, அங்கே குற்றவாளி. நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கைப்பேசிவழிக் கடன்களுக்கு விதி வகுத்தது. இடையில் நிற்பவருக்குரிய கட்டணத்தைக் கடன் கொடுக்கும் நிறுவனமே தரவேண்டும், கடனாளியிடம் வாங்கலாகாது என்பது அதில் ஒன்று. அவ்வங்கியின் குழு அதற்கு முந்தைய ஆண்டில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை எனக் கண்டது. ஒழுங்கான வங்கியின் முகவருக்கு விதி இருக்கிறது. பாலக்கோட்டுத் தரகருக்குத்தான் இல்லை. முத்ரா கடன் வாங்கித் தருவதாக முன்பணம் பெறுபவரின் செயலோ நேரடி மோசடி. அத்திட்டத்துக்கு முகவர்களே கிடையாது.

அதிகாரம் இருந்தும் கை நீளாமைக்குக் காரணம் யாது? 2017 அக்டோபர் 23-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரு சிறு பெண் குழந்தைகளுடன் ஒரு குடும்பமே தீக்கிரையானது. அவர்கள் பன்முறை மனு கொடுத்திருந்தவர்கள். 2022-இல் கடலூர் மாவட்டத்தில் காவலர் ஒருவரே கந்துவட்டிக்காரர் நெருக்கடியால் உயிர்நீத்த பின்னர், காவல் துறைத் தலைவர் நிலுவைப் புகார்கள்மீது வழக்குப் பதியவும், சோதனையிட்டு வெற்றுப் பத்திரங்களைக் கைப்பற்றவும் ஆணையிட்டார். 2025-இல் நிறைவேறிய புதிய சட்டம் வலுக்கட்டாய வசூலுக்கு ஐந்து லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. ஓர் உயிர் போனபின் ஒரு சட்டம் அல்லது ஓர் ஆணை என்ற வரிசை என்னை உறுத்துகிறது.

இவ்விடத்தில் பக்தாதில் வாழ்ந்து 1058-இல் மறைந்த சட்ட அறிஞர் அல்மாவர்தி நினைவுக்கு வருகிறார். அங்காடியைக் கண்காணிக்கும் 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரியின் கடமைகளை அவர் விரித்துரைத்தார். எடை, அளவு, வட்டி வாணிகம் யாவும் அவ்வதிகாரியின் பார்வைக்குட்பட்டவை. வெளிப்படையான தவற்றையே அவர் தடுக்கவேண்டும், மறைவை உளவு பார்க்கலாகாது என்பது விதி. ஆனால் பின்னர் ஈடுசெய்ய இயலாத கேடு நேரவிருப்பதாக நம்பத்தக்கவர் சொன்னால், அவர் உள்ளே புகுந்தும் விசாரிக்கலாம் என்பது விலக்கு. கடனாளியின் வீட்டுக்கு இவ்விலக்கு எத்துணைப் பொருந்துகிறது!

நம்பத்தக்கவர் சொல்லவேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். சான்று முழுவதும் தரகர் கையில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கடன் வழக்குகளைப் பேசித் தீர்க்கிறீர்கள், தவணையைக் குறைத்துக் கொடுக்கிறீர்கள், நன்று. கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரமும் காசோலையும் அந்த இடத்திலேயே திரும்ப வராத சமாதானம் எதுவானாலும் அது அரைச் சமாதானம். அடுத்த ஆண்டு அதே தாளில் வேறொரு தொகை எழுதப்படும்.

அம்மாணவியிடம் வேறொன்று இருந்தது. தந்தைக்கு எழுதத் தெரியாதாகையால், நாள்தோறும் கட்டிய நூறு ரூபாயைத் தேதியோடு தன் கட்டுரை நோட்டின் பின்பக்கத்தில் அவளே குறித்துவந்திருக்கிறாள். பணம் வாங்கிய நாள், கைக்கு வந்த தொகை, பிடித்த தொகை, வாங்கிச் சென்றவர் பெயர் என எண்பத்திரண்டு நாள் வரை பதிவு இருந்தது. உரிமம் பெற்றவர் வைத்திருக்கவேண்டிய கணக்கேட்டை உரிமமற்றவரிடம் கடன்பட்டவரின் மகள் வைத்திருந்தாள். மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். நோட்டின் அப்பக்கங்களை ஒளிநகல் எடுத்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய மனுவோடு இணைத்தோம்.