தெரியாது என்று சொல்லும் தைரியம்

கல்வியிலும் உத்தியோகத்திலும் மேன்மையடைவதற்கு வேண்டிய குணங்கள் யாவை என்று கேட்டால் உழைப்பு, ஊக்கம், பொறுமை என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள், மறுப்பாரில்லை. தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் வினயத்தை மட்டும் ஏனோ அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுத் தேர்ந்து, 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்று, தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னபோது, முதலியார் சிறிதும் வியப்படையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. வேறொரு பண்டிதராயிருந்தால், சமண காவியம் நமக்கெதற்கு என்று நழுவியிருக்கலாம். பதவியிலிருப்போருக்கு இந்தச் சாமர்த்தியம் விரைவில் கைவந்துவிடுகிறது. ஐயரவர்களோ முதலியார் தந்த பிரதியைப் பெற்றுக்கொண்டு, பொருள் விளங்காத இடங்களுக்கெல்லாம் அவ்வூர்ச் சமணர்களைத் தேடிச் சென்று, கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் அவர்கள் முன்னே மாணாக்கராய் அமர்ந்து, அவர்களுடைய சமயக் கொள்கைகளையும் பரிபாஷைகளையும் கேட்டறிந்தார்.

பல ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1887-இல் அந்நூலை அவர் அச்சிட்டு வெளியிட்டார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவருடைய பதிப்புகளாகத் தொடர்ந்தன.