மாடியில் கத்தரி, வாசலில் நாய்

தேனாம்பேட்டைக்குத் தோட்டமும் புதிதல்ல, சாப்பாடும் புதிதல்ல. 1835-ல் தோன்றிய தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த கதீட்ரல் சாலை நிலத்தில்தான் 1962-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. காரை மர நிழலில் நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இட்லி சாப்பிட்டவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இப்போது பேட்டையில் மண் ஏது? மொட்டை மாடிதான் கதி. வெறும் செம்மண்ணை நிரப்பினால் தளத்துக்குச் சுமை. ஆகவே தென்னை நார்க் கழிவை உப்புப் போகத் தண்ணீரில் அலசி, மண்ணோடும் மண்புழு உரத்தோடும் கலந்து பைகளில் நிரப்புகிறார்கள். கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். கத்தரிக்கும் வெண்டைக்கும் பொறுமை வேண்டும். சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய். காய்கறித் தோல் மறுபடியும் உரத் தொட்டிக்கே போகிறது.

காய் மாடியிலிருந்து அடுப்புக்கு வருகிறது. அடுப்பில் மிஞ்சியது நாயின் தட்டுக்குப் போகிறது. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஆபத்து இந்தக் கடைசிப் படியில் இருக்கிறது.

நம் வீட்டுச் சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு. இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. சாப்பிட்ட அன்றே ஒன்றும் தெரியாது என்பதுதான் பெரிய சங்கடம். சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அப்போது போன வாரத்துச் சாம்பார் யாருக்கு நினைவிருக்கும்?

பாயசமும் அப்படியே. அதில் மிதக்கும் உலர்திராட்சை நமக்கு ருசி. நாய்க்கோ சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். குழந்தைகள் ஆசையாக ஊட்டும் சாக்லெட்டும் நஞ்சுதான். கோழி எலும்பு வெந்தபின் ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும்.

பூனையின் கதை வேறு. சைவ வீடுகளில் அதற்கும் பாலும் தயிர்ச்சாதமுமே விருந்து. பாவம், அது சைவமாகப் பிறக்கவில்லை! இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை கெடும் என்பது 1975-ல் தெரிய வந்தது. இதயமும் பலவீனமாகும் என்று 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். வீட்டில் மீன் சமைக்க மனமில்லாதவர்கள், அந்தச் சத்துச் சேர்த்துக் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கி வைப்பதே நியாயம்.

அப்படியானால் தோட்டத்துக் காயில் நாய்க்குப் பங்கே இல்லையா? உண்டு. பூசணி, பீன்ஸ், காரட் ஆகியவற்றை உப்பு, காரம், தாளிப்பு எதுவுமின்றி வேகவைத்து, சாதத்தோடும் முட்டையோடும் பிசைந்து வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும். தக்காளிச் செடியின் பச்சை இலையையும் பிஞ்சுக் காயையும் கடிக்க விடக்கூடாது. சமைக்கும்போதே, வெங்காயம் வதக்குவதற்கு முன்னால், நாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடும் இல்லத்தரசிகள் இருக்கிறார்கள். அதற்கு ஆகிற நேரம் இரண்டு நிமிஷம்.

கைதவறிச் சாப்பிட்டுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.